பல் பதிந்த விசில்

மேசையின் கடைசி இழுப்பறையில், பழைய சார்ஜர்களுக்கும் ஓடாத கைக்கடிகாரத்துக்கும் அடியில், அந்த ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் விசில் கிடைத்துவிட்டது மச்சான். நாவலூருக்கு வீடு மாறியபோது தொலைத்துவிட்டேன் என்றே நினைத்திருந்தேன். வாய் வைக்கும் இடத்தில் மேலே இரண்டு பள்ளம், கீழே இரண்டு பள்ளம். என் பல்தான். சட்டையில் துடைத்துவிட்டு வாயில் வைத்தேன். பற்கள் தேடாமலே அந்தப் பள்ளங்களில் போய் உட்கார்ந்துகொண்டன. ஊதவில்லை. ஊதுவதற்காக நீ அதை வாங்கித் தரவில்லையே.

அதைத் தேட வேண்டி வந்ததற்குக் காரணம் என் மகள். பத்தாவது படிக்கிறாள். நம்முடைய கம்ப்யூட்டர் விளையாட்டு 'படகு' மறுபடி வருகிறது. ஆங்கிலத்தில் அதற்கு ஒரு முழ நீளப் பெயர் உண்டு, நாம் இருவரும் 'படகு' என்று மட்டும்தான் சொல்வோம், ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பாகங்களையும் சேர்த்து, படமும் குரலும் புதிதாகச் செய்து அடுத்த மாதம் வெளியிடுகிறார்களாம். அவள் தன் அறைக் கதவில் தாள் ஒட்டியிருக்கிறாள்: 'இந்த வீட்டில் யாரும் முடிவைச் சொல்லக் கூடாது.' இந்த வீட்டில் இருப்பது மூன்றே பேர். அவள் அம்மாவுக்கு அந்த விளையாட்டின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. ஆக அந்தத் தாள் எனக்கு மட்டும். "அப்பா, உனக்கு எல்லாம் தெரியும்னு எனக்குத் தெரியும். வாயத் தொறந்த, அப்புறம் உன்கூட பேச்சே கிடையாது" என்றாள். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டே வீட்டுக்குள் நடமாடுகிறாள்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் போனில் தோழியிடம், "படகுல வர்றது அவனோட அண்ணன்தான்டி, வேற யாரு" என்று அடித்துச் சொல்வது காதில் விழுகிறது. நான் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுகிறேன். "ஒரு கேமுக்கு இந்தப் பாடா" என்கிறாள் என் மனைவி. அவள் உன்னைப் பார்த்ததில்லை. அவளுக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது என்றும் எனக்குத் தெரியவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

என் ஓட்டை வாயிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

தொண்ணூற்று ஏழில் செங்கல்பட்டில் அந்தக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தோம். நான் கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து பஸ் பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு மணி நேரம் குலுங்கி வருவேன். நீ ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து தலையைக்கூடத் துவட்டாமல் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பாய். என் பெயரை நீ ஒரு நாளும் சொன்னதில்லை. "இன்னாடா டவுன்ஷிப்பு, நாஸ்தா ஆச்சா" என்பதுதான் என்னை நீ கேட்ட முதல் கேள்வி. ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பின் சாவி உன்னிடம் இருக்கும். ஒரே கம்ப்யூட்டரின் முன்னால் இரண்டு நாற்காலிகளை நெருக்கிப் போட்டு 'படகு' முதல் பாகத்தை ஆரம்பித்தோம். பெரிய ஏரி, ஏழு தீவு, காணாமல்போன அண்ணனைத் தேடிப் படகோட்டிச் செல்லும் ஒருவன். சுட்டி உன் கையில், குறிப்பு நோட்டு என் கையில். நீ எதற்கும் அவசரப்பட மாட்டாய். ஒரு தீவில் இறங்கினால் அங்கே இருக்கும் கல், மரம், கிணறு எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே இருப்பேன். "கால ஆட்டாதடா, படகு கவுந்துக்கும்" என்பாய்.

அண்ணனின் குடிசை இருக்கும் ஏழாவது தீவை அடுத்த ஞாயிறு பார்ப்போம் என்று முடிவு செய்தோம். எனக்குப் பொறுக்கவில்லை. குடியிருப்பில் பக்கத்து பிளாக் பையன் ஒருவன் அதே விளையாட்டை வைத்திருந்தான். புதன்கிழமை அவன் வீட்டில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்துவிட்டேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஞாயிறு காலை மாமல்லபுரம் போனோம். கடற்கரைப் பாறையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தோம். நீ பாட்டுக்கு, அண்ணன் எப்படி இருப்பான், தம்பியை அடையாளம் தெரியுமா என்று பேசிக்கொண்டிருந்தாய். நான் சொன்னேன்: "அந்தக் குடிசையில யாருமே இல்லடா. காலி."

ஐந்தே சொல் இருக்குமா அது? நீ கையிலிருந்த கடலையைப் பொட்டலத்தில் திருப்பிப் போட்டாய். கோபப்பட்டுக் கத்துவாய் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

"நானே போய் அந்தக் கதவ தொறந்து பாத்திருப்பேன்டா. நீ இன்னாத்துக்கு தொறந்த?"

அவ்வளவுதான். எழுந்து மணலைத் தட்டிவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்துவிட்டாய். நான் பின்னாலேயே ஓடி வந்து, கடைசியில் ஒரு புதிர் இருக்கிறது, அதைச் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை என்று புலம்பியது உன் காதில் ஏறவேயில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, கெட்ட நுணல் நான்தான்.

மூன்று மாதம் பேச்சில்லை. வகுப்பில் நீ முன்வரிசைக்கு மாறிக்கொண்டாய். உன் அம்மாவிடம் போய் நின்றேன். "விளையாட்டு பொம்மைக்கா நைனா இத்தன ரோசம்" என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு ஒரு நாள் மத்தியானம் நீயாகவே என் முன்னால் வந்து நின்றாய். கையில் இந்த விசில், கறுப்புக் கயிற்றில் கோத்தது. மாமல்லபுரத்தில் சங்கும் சோழியும் விற்கும் கடையில் வாங்கியிருந்தாய்.

"ரெண்டாவது பாகம் வருதாம்டா. இத்த கழுத்துல மாட்டு. எப்ப கதை வாய் வரைக்கும் வருதோ, அப்ப இத்த வாயில வச்சி கடி. ஊதக் கூடாது. கடிக்கணும். வாயில விசிலு கீது, அப்புறம் எப்படி பேசுவ?"

அதோடு விடவில்லை. எனக்கு ஒரு உத்தியோகமும் கொடுத்தாய். அந்த விளையாட்டைப் பற்றி எங்கே எது வந்தாலும் நான் படிக்க வேண்டும். நீ படிக்க மாட்டாய். உன்னிடம் வந்து சேர்வதற்குள் நான் தடுக்க வேண்டும். திருடன் கையில் சாவியைக் கொடுப்பதா என்று கேட்டேன். "திருடன்கிட்ட குட்த்தாத்தான்டா வேற எவனும் வர மாட்டான்" என்றாய்.

இரண்டாயிரத்தில் நீ பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் பிரௌசிங் சென்டர் வைத்தாய். ஆறு தடுப்பு, ஆறு கம்ப்யூட்டர், வாசலில் செருப்புக் குவியல். எனக்கும் சிறுசேரிப் பக்கம் வேலை கிடைத்தது. வாரக் கடைசியில் உன் கடைக்கு வந்து ஆறாம் எண் தடுப்பில் உட்கார்ந்து இரண்டாம் பாகத்தைப் பற்றி வந்ததையெல்லாம் மேய்வேன். வெளியீடு ஒரு வருடம் தள்ளிப்போனது. பிறகு இன்னொரு வருடம். ஒவ்வொரு தடவையும் உன்னிடம் சொல்ல அனுமதிக்கப்பட்ட ஒரே செய்தி அதுதான்: 'தள்ளிப்போயிடுச்சு.'

"நம்ம கழுக்குன்றத்து கழுகு மாதிரி ஆயிடுச்சிடா. வரும் வரும்னு ஜனம் மேல பாத்துகினே நிக்குது. அது எங்க கீதோ" என்பாய். சிரிப்பாய்தான், ஆனாலும் கல்லாப்பெட்டியில் விரலால் தாளம் போட்டபடி இருப்பாய். காலாட்டும் வியாதி என்னிடமிருந்து உனக்கும் தொற்றியிருந்தது.

வாடிக்கையாளர்களில் தாமஸ் ஒருவன்தான் ஆபத்து. அவன் அண்ணன் வெளிநாட்டில் இருந்தான், எதுவும் அவனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒரு சனிக்கிழமை மூன்றாம் தடுப்பில் ஒரு அக்கா துபாயில் இருக்கும் கணவரிடம் மைக்கில் பேசிக்கொண்டிருந்தபோது தாமஸ் படியேறி வந்தான். "அண்ணாத்த, படகுல வரது யாருன்னு நெட்டுல..." என்று ஆரம்பித்தான். நான் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினேன். நீ இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, எதுவும் கேட்காமல் இருக்க 'லாலாலா' என்று சத்தமாக ராகம் இழுத்தாய். அந்த அக்கா கணவரிடம், "ஒண்ணுமில்லீங்க, இங்க ரெண்டு பைத்தியம்" என்றது எனக்குத் தெளிவாகக் கேட்டது. தாமஸ் என் விரலைக் கடித்துவிட்டான்.

எல்லாவற்றையும்விட என்னைப் பாடாய்ப் படுத்தியது உன் பரீட்சைகள்தான். திடீர் திடீரென்று வைப்பாய். "மச்சான், தாமஸ் சொல்ட்டான்டா. எல்லாம் தெரிஞ்சிபோச்சி. இனிமே பேசலாம்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவாய். நான் நம்பி வாயைத் திறந்து, கடைசி நொடியில் விசிலைக் கவ்வுவேன். "பாஸ்" என்பாய். ஒரு தடவை என் ஆபீஸுக்கு போன் போட்டு, ஏதோ பத்திரிகையிலிருந்து பேசுவதுபோல ஆங்கிலத்தில் கேள்வி கேட்டாய். நான் ஒரு தீவின் பெயரைச் சொல்லிவிட்டேன். "அரியர்" என்று உன் குரலிலேயே சொல்லிவிட்டு வைத்தாய். அந்த அரியரை எழுத ஒரு மாதம் என்னைச் சுற்ற விட்டாய். எது நிஜம், எது பரீட்சை என்று தெரியாமல் நான் எப்போதும் கழுத்துக் கயிற்றைப் பிடித்தபடியே திரிந்தேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது, மறைக்கவில்லை.

உன் ஊகத்தை நீ சொன்னது பஸ்ஸில். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்று, மலை தெரிந்தது. முதல் பாகத்தின் கடைசிக் காட்சி, அதுதான் நான் அன்று சொல்லாமல் விட்ட புதிர்: காலிக் குடிசையிலிருந்து அவன் திரும்பும்போது பனிமூட்டத்துக்குள் எதிரே ஒரு படகு வரும். துடுப்புப் போடுகிறவனின் முகம் தொப்பியில் மறைந்திருக்கும். அதோடு முதல் பாகம் முடிந்துவிடும். உலகமே அது அண்ணன்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"அண்ணன் இல்லடா அது. அவனேதான். வயசானவன். தேடித் தேடி கிழவனாயி, திரும்பி வந்துகினு கீறான். தன்னையே வூட்டுக்கு கூட்டிக்கினு போவ."

"போடா லூசு" என்றேன். அப்போது எனக்கும் ஒன்றும் தெரியாது. "எழுதி வச்சிக்கோ" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

உன் கால் வீங்க ஆரம்பித்தது அதற்கடுத்த கோடையில். நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறாய், அதனால்தான் என்றோம். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று தெரிந்தபோது உனக்கு இருபத்தைந்து வயது. வாரம் இரண்டு நாள் மருத்துவமனையில் ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். "என்னைய ஃபார்மேட் பண்ணி பண்ணி அனுப்புறானுங்கடா" என்று நீ சொன்னதைக் கேட்டு அங்கிருந்த நர்ஸ் அக்கா சிரித்தார்கள். நான் சிரித்தேனா என்று ஞாபகமில்லை.

அந்த வருடம்தான், நீ மருத்துவமனையிலேயே படுத்துவிட்ட சமயத்தில், இரண்டாம் பாகம் வந்தது. வெளிநாட்டில் வந்த மூன்றாம் நாளே தாமஸின் அண்ணன் அனுப்பிவிட்டான். தாமஸ் அந்தப் பெட்டியைப் பிரிக்காமல் என் கையில் கொடுத்து, "அண்ணாத்தைக்கு குட்த்துடு. நான் ஒண்ணும் சொல்லல" என்றான். உன் கடையின் ஆறாம் கம்ப்யூட்டரில் நானே அதை ஏற்றி வைத்தேன். ஓடுகிறதா என்று முதல் காட்சியை மட்டும் பார்த்து நிறுத்தினேன். அதோடு என் உத்தியோகமும் இருந்ததே. உலகம் முழுக்க முடிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. எதைத் தடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள நான் படித்தாக வேண்டும். படித்தேன்.

நீ சொன்னதுதான்.

ஒரு வார்த்தை மாறவில்லை மச்சான். தொப்பியைக் கழற்றுகிறான், நரைத்த தலை, அதே முகம். எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. ஆறு தடுப்புக்கும் கேட்கும்படி கத்த வேண்டும்போல இருந்தது. என் மச்சான் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிட்டான் என்று யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும். விசிலை வாயில் வைத்துக் கடித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை கடித்தேன். இந்தப் பள்ளங்கள் அன்று விழுந்தவை.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் உன்னைப் பார்க்க வந்தேன். சாயங்கால வெயில் உன் கட்டிலின் கால்மாட்டில் கிடந்தது. அம்மா கஞ்சி டம்ளரைக் கழுவப் போயிருந்தார்கள். வந்துவிட்டது, உன் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது, நீ வந்து சுட்டியைத் தொடுவதுதான் பாக்கி என்றேன். நீ மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தபடியே கேட்டாய்.

"டவுன்ஷிப்பு. நான் சொன்னது சரியா?"

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. வந்துவிட்டான்யா அடுத்த பரீட்சையோடு என்று நினைத்தேன்.

"கதை வேணாம். ஒண்ணும் வேணாம். நான் சொன்னது சரியா, தப்பா. வாய கூட தொறக்காத. தலைய ஆட்டு, போதும்."

எத்தனை தந்திரம் பார்த்தவன் நான். இதில் விழுவேனா? கழுத்திலிருந்த விசிலை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, தலையை ஆட்டாமல், கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு உன்னையே பார்த்தேன். நீயும் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் ஆயிரம் தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் அதில் குறும்பு தெரிகிறது. ஒரு நாள் தெரியவில்லை.

பிறகு சிரித்தாய். "பாஸ்டா நீ" என்றாய். கையை எடுத்து என் முட்டியில் வைத்து, ஆடிக்கொண்டிருந்த என் காலை நிறுத்தினாய்.

ஐந்தாம் நாள் நீ இல்லை.

காரியமெல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது உன் அம்மா வாசலில் நிறுத்திக் கேட்டார்கள். "அன்னிக்கி நீ வந்துட்டு போனப்புறம் சிரிச்சிகினே இருந்தாம்பா. இன்னா நைனா சொன்ன?" ஒன்றும் சொல்லவில்லையம்மா என்றேன். அவர்கள் நம்பவில்லை. ஏதோ நல்லதாகச் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு என் தலையைத் தொட்டார்கள். அந்தக் கையின் கனம் இன்னும் என் தலையில் இருக்கிறது. உன்னைப் போலச் சிரித்துவிட்டுப் போக எனக்குத் தெரியவில்லை. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நிலையத்திலேயே இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

பிரௌசிங் சென்டர் பிறகு போட்டோ ஸ்டுடியோ ஆனது. நான் இரண்டாம் பாகத்தை இன்றுவரை விளையாடவில்லை. முடிவை ஒருவரிடமும் சொன்னதும் இல்லை. வேடிக்கையைக் கேள்: இப்போது ஆபீஸில் எனக்கு 'அழுத்தக்காரன்' என்று பெயர். யார் வேலையை விடப்போகிறார்கள், யாருக்கு யாரைப் பிடித்திருக்கிறது, எல்லாவற்றையும் என்னிடம் வந்து கொட்டுகிறார்கள். வெளியே போகாது என்று அவ்வளவு நம்பிக்கை. நீ அடைத்த வாய் மச்சான். நன்றாகத்தான் அடைத்தாய். சொல்ல வேண்டிய அன்றைக்கும் அடைத்தபடியே இருந்துவிட்டது என்பதுதான் என் கோபம். அது உன்மேல் கோபமா, என்மேல் கோபமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பரீட்சை என்றால் பரீட்சை என்று சொல்லியிருக்கக் கூடாதா? கேள்வி என்றால் இன்னொரு தடவை கேட்டிருக்கக் கூடாதா?

பக்கத்து அறையில் மகள் தூங்காமல் புரண்டுகொண்டிருக்கிறாள், இன்னும் இருபது நாள் இருக்கிறது. அவளிடம் நான் வாய் திறக்க மாட்டேன். அந்தக் கதவை அவளே திறக்கட்டும். விசிலை இப்போதே கழுத்தில் மாட்டிக்கொண்டாகிவிட்டது.

ஆனால் உனக்கு மட்டும் இந்த விசில் கிடையாது. நீ கேட்டதற்கு என் பதில் இன்னும் பாக்கி இருக்கிறது. கதை சொல்லவில்லை, வாயையும் திறக்கவில்லை. இந்த வரியை எழுதும்போது இங்கே தனியாக உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன் மச்சான். நன்றாகப் பார்த்துக்கொள், மேலும் கீழுமாக ஆட்டுகிறேன்.

அரியர் போட்டுக்கோ.